பயனர் பதில் அளிக்கவில்லை

புரட்டாசி 24, காலை 7:30
பள்ள நிலையம், நிலவின் தென்முனை

எழுதுவது பிலோமினா. நில அதிர்வு அளக்க வந்தவள். வேலைக்கு எடுத்தபோது "கணினியும் கொஞ்சம் தெரியும்" என்று வாயை விட்டேன். அதனால் நிலையத்தின் கணினிப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

அதிர்வு இரண்டு, இரண்டும் சிறியவை. வெளியே எப்போதும்போல் இருட்டு, குளிர்.

இந்தப் பதிவை அதிர்வுமானியின் குறிப்புப் பகுதியில் எழுதுகிறேன். விதிப்படி நிலையக் கணினியில்தான் எழுத வேண்டும். அதில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள், "இந்த வரியைச் சேமிக்க ஒப்புகிறீர்களா?" என்று கேட்கும். அதன் இயங்குதளத்துக்குத் திட்டிவாசல் என்று பெயர். கோட்டைக் கதவில் ஒருவர் மட்டும் குனிந்து நுழையும் சின்னக் கதவை அப்படிச் சொல்வார்கள். விளக்கை அணைக்கக் கேட்கும், கழிவறையைப் பூட்டக் கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை "ஒப்புகிறேன்" என்று அமுக்குகிறோம் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். வாசிப்பதை அதற்கும் முன்பே விட்டாயிற்று.

இங்கே நாங்கள் இரண்டு பேர். மற்றவர் இசக்கியப்பன், வள்ளியூர்க்காரர். பள்ளத்துக்குள் துளைப்பான் ஓட்டிப் பனிக்கட்டி எடுத்து வருவார். அதிலிருந்துதான் குடிநீரும் மூச்சுக் காற்றும். நான் தூத்துக்குடி. பக்கத்து ஊர் என்பதால் முதல் நாளிலேயே அவர் அண்ணாச்சி, நான் தங்கச்சி ஆகிவிட்டோம். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மேட்டு நிலையத்தில் மயில்சாமி, காங்கேயத்துக்காரர். கூட்டாளி முதுகுவலியோடு போன கப்பலில் ஊர் போய்விட்டதால் தனியாக இருக்கிறார். தினமும் காலையில் ரேடியோவில் எங்களை வம்புக்கு இழுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

நாளை ஆயுத பூஜை. அண்ணாச்சி சந்தனம் குழைத்துக்கொண்டிருக்கிறார்.


புரட்டாசி 25, ஆயுத பூஜை, காலை 10:00

துளைப்பானுக்குப் பொட்டு. வண்டிச் சக்கரத்துக்குப் பொட்டு. என் அதிர்வுமானிக்கும் ஒன்று. கட்டுப்பாட்டுத் திரைக்கு நடு நெற்றியில் பெரிதாக ஒன்று. எனக்கு மாதா, அவருக்கு இசக்கியம்மன், பொரிகடலை இருவருக்கும் பொது.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது அண்ணாச்சியின் கண்டிப்பு. காற்றும் வெப்பமும் தானாக ஓடுபவை, ஆகவே பயமில்லை. எனக்கும் ஒரு நாள் யாருக்கும் "ஒப்புகிறேன்" சொல்லாமல் இருப்பது சுகமாக இருந்தது.

பத்து மணிவாக்கில் பொட்டுக்குக் கீழே ஒரு கேள்வி வந்து நின்றது. துளைப்பானுக்கு அப்டேட் வந்திருக்கிறது, அனுப்பியவரின் முத்திரை காலாவதியானது, நிறுவலாமா என்று. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணாச்சி. நானும் சரி என்றேன்.

மேட்டு நிலையத்திலிருந்து:
"பொரி எனக்கொரு பிடி எடுத்து வெச்சிருங்க. நானு இங்க ஸ்பேனருக்குப் பொட்டு வெச்சுப்போட்டு, அது மூஞ்சியப் பார்த்துட்டு உக்கோந்திருக்கறனுங்க."


புரட்டாசி 26, விஜயதசமி, முற்பகல் 11:00

பொட்டைத் துடைத்தோம். கேள்வியைக் காணோம். சனியன் விட்டது என்று இருந்துவிட்டேன். அண்ணாச்சி பள்ளத்துக்குப் போனார். அதிர்வு ஒன்றுமில்லை.


புரட்டாசி 29, காலை 10:15

கணக்கு இடிக்கிறது. அண்ணாச்சி கொண்டுவந்த பனிக்கட்டிக்கு இவ்வளவு தண்ணீர் வராது. மீட்டரோ தொட்டி நிறைந்து வழிவதாகக் காட்டுகிறது. பனிக்கட்டி குட்டி போடாது. மூடியைத் திறந்து பார்த்தேன். பாதித் தொட்டி.

உதிரிப்பெட்டியிலிருந்து முள் வைத்த பழைய அளவுமானி ஒன்றை எடுத்து ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டினேன். திரை சொல்வதில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கிறது. மீட்டர்கள் பொய் சொல்கின்றன. வைரஸ்.

வந்த வழியைத் தேடினேன். திட்டிவாசலின் பதிவேட்டில் அப்படியே இருந்தது:

"துளைப்பான் அப்டேட். முத்திரை காலாவதி. ஒப்புதல் கோரப்பட்டது. ஒரு நாள் முடிந்தும் பயனர் பதில் அளிக்கவில்லை. சம்மதமாகக் கொள்ளப்பட்டது. அன்று பணி முறையில் இருந்த பயனர்: இசக்கியப்பன்."

இரண்டு முறை படித்தேன். மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கப் போன வீட்டில் பெரியவர்கள் தங்கள் வசதிக்குச் சொன்ன வார்த்தை. அதை எடுத்து ஒரு இயங்குதளத்துக்குள் எந்தப் புண்ணியவான் வைத்தான்?

பதிவேட்டின் படியோடு தரைக் கட்டுப்பாட்டுக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அண்ணாச்சி பள்ளத்தில் இருக்கிறார். வண்டி மீட்டரை நம்ப வேண்டாம், உடனே திரும்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.


அதே நாள், முற்பகல் 11:40

புகார் போய்ச் சேர்ந்ததும் முதலில் விழித்தது மனிதர்கள் அல்ல, திட்டிவாசல். புகாரில் இருந்த பெயரைப் படித்தது. தொற்றைக் கொண்டுவந்த பயனர் என்று இசக்கியப்பனின் அட்டையைத் தடுத்துவிட்டது. தொற்றுள்ள நிலையம் என்று மேட்டுக்கு நாங்கள் பேசும் வழியையும் அடைத்துவிட்டது. மயில்சாமி பேசுவது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் பேசுவது அவருக்குப் போகாது.

அண்ணாச்சி வாசலுக்கு வந்துவிட்டார். வெளிக்கதவு திறக்கவில்லை. என் அட்டையைப் போட்டேன், "தடுக்கப்பட்டவருக்காகத் திறக்க இயலாது" என்கிறது. கையால் சுற்றித் திறக்கும் சக்கரம் ஒன்று இருந்தது. எடை அதிகம், தேவையில்லாதது என்று போன வருடம் கழற்றிக்கொண்டு போனார்கள். கதவை அறுத்தால் உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியே போய்விடும். பிறகு அவர் உள்ளே வந்து எதைச் சுவாசிப்பார்?

வண்டியில் காற்று நிறைய இருக்கிறது என்று வண்டி சொல்கிறது. என் கணக்கில் மூன்று மணியைத் தாண்டாது.


அதே நாள், பகல் 12:30

தரையில் எங்களுக்குப் பொறுப்பானவர் நல்லபெருமாள் என்ற அதிகாரி. அவர் குரல்:
"பிலோமினா, பதட்டப்படாதீங்க. கமிட்டி உக்காந்திருக்கு. யார் தப்புன்னு முடிவானா கதவு தானா திறந்திடும்மா. சாப்பிட்டீங்களா?"

திட்டிவாசல் நிறுவனத்திலிருந்து எழுத்தில்:
"எங்கள் இயங்குதளம் ஆபத்தைக் கண்டது, பயனரை எச்சரித்தது, போதிய அவகாசமும் தந்தது. பயனர் மறுக்கவில்லை. நீங்கள் அனுப்பிய பதிவேட்டுப் படி தொற்றுள்ள கருவியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே அதைச் சான்றாக ஏற்க இயலாது."

அவர்கள் காவல் தவறியதால் கருவிக்கு நோய். நோய் வந்ததால் அது சாட்சி சொல்லக் கூடாது. ஆனால் அதே பதிவேட்டில் இருக்கும் "பயனர்: இசக்கியப்பன்" என்ற வரி மட்டும் செல்லும்!

நியாயமாகவும் பேசிவிடுகிறேன், இதைப் படிப்பவர் என்னை ஒருதலையாகப் பேசுகிறவள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கேள்வியை நாங்கள் பார்த்தோம். "மறுக்கிறேன்" என்று ஒரு தட்டுத் தட்டியிருந்தால் இன்று இந்தப் பாடில்லை. அதைவிட வெட்கமான உண்மை ஒன்று உண்டு. பூஜை இல்லாத நாளாக இருந்திருந்தால் வாசிக்காமலே "ஒப்புகிறேன்" என்று அமுக்கியிருப்போம். ஆனால் எங்களை அப்படிப் பழக்கியது யார்? கழிவறைத் தாழ்ப்பாளுக்கும் உயிர் போகும் விஷயத்துக்கும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் கேள்வி கேட்டது யார்? ஓயாமல் குரைக்கும் நாயை வாங்கி வாசலில் கட்டிவிட்டு, திருடன் வந்த அன்றைக்கு ஏன் எழுந்து பார்க்கவில்லை என்றால் என்ன சொல்வது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.


அதே நாள், பிற்பகல் 1:20

கதவு திறக்க இரண்டு வழிகள் என்று சொல்கிறார்கள். ஒன்று, பிழை இயங்குதளத்துடையது என்று கமிட்டி சொல்ல வேண்டும். அதற்குப் பத்து நாள் ஆகலாம். மற்றது, பயனர் தன் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் திட்டிவாசல் உடனே மன்னித்துச் சேர்த்துக்கொள்ளும். ஒப்புதல் வாக்குமூலம் வண்டியின் திரைக்கு வந்துவிட்டது.

வண்டிக்கும் எனக்கும் நடந்த ரேடியோப் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

இசக்கியப்பன்: "தங்கச்சி, இத நான் முழுசா வாசிச்சேன். இவன் காட்டுனதுல முழுசா வாசிச்சது இது ஒண்ணுதான். 'திட்டிவாசல் சரியாக இயங்கியது, பிழை முழுவதும் என்னுடையது'ன்னு போட்டிருக்கான். நான் அமுக்க மாட்டேன்."

நான்: "அண்ணாச்சி, காத்து எவ்வளவு இருக்குன்னே தெரியாது. ரோசம் பாக்கிற நேரமா இது? அமுக்கிருங்க."

இசக்கியப்பன்: "ரோசம் இல்லம்மா. நான் அமுக்கிட்டா விசாரண முடிஞ்சிரும். அப்டேட்டுல ஒண்ணும் கோளாறு இல்லன்னு ஆயிரும். அடுத்து மேட்டுக்குத்தான் அனுப்புவான். மயில்சாமி அங்கன ஒத்தையில கெடக்கான். அவனுக்கு யாரு சொல்லுவா?"

நான்: "நான் சொல்லுதேன். மாதா மேல சத்தியமா நான் சொல்லுதேன். நீங்க உள்ள வாங்க."

மேட்டுக்குப் பேசும் வழி அடைபட்டது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தரை வழியாகச் சொல்லிவிடலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டுதான் சத்தியம் செய்தேன். அவர் சாவதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.


அதே நாள், பிற்பகல் 2:10

அமுக்கிவிட்டார்.

கதவு திறக்கவில்லை. ஒப்புக்கொண்ட பயனர் முதலில் பாதுகாப்புப் பயிற்சிப் படம் பார்க்க வேண்டுமாம். நாற்பது நிமிடம். ஓட்டிவிட முடியாது. கண்ணைத் திருப்பினால் நின்றுவிடும். தொப்பி போட்ட ஒரு அணில் வந்து, முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்கக் கூடாது என்று பாட்டுப் பாடுகிறது. ரேடியோவில் எனக்கும் கேட்கிறது. அண்ணாச்சியின் மூச்சும் கேட்கிறது. அது வர வர இழுக்கிறது.

நல்லபெருமாளிடம் கத்தினேன். படத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. "அது அவங்க ஏரியாம்மா" என்கிறார்.


அதே நாள், பிற்பகல் 3:45

வந்துவிட்டார். உதடு நீலம். உள்ளே விழுந்து அரைமணி நேரம் எழவில்லை. இப்போது சுக்குக் காப்பி குடிக்கிறார்.

படம் முடிந்ததும் தேர்வு வைத்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியை அவர் ரேடியோவில் வாசித்தார்: "சந்தேகமான அப்டேட் வந்தால் என்ன செய்வீர்கள்?" மூன்று விடைகள். சரியான விடை, "எதையும் தொடாமல் இருப்பேன்."

அதைத்தானே செய்தார் மனிதர். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். நான் கதவில் தலையை வைத்து அழுதேன்.


ஐப்பசி 1, காலை 9:00

எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. சாரம் இதுதான். பள்ள நிலையச் சம்பவம் பயனர் பிழை, பயனரே ஒப்புக்கொண்டார். அப்டேட்டில் குறையில்லை, முத்திரை மட்டும் காலாவதியாகியிருந்தது. முத்திரை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. அனைவரும் கட்டாயம் நிறுவ வேண்டும்.

முத்திரையைப் புதுப்பித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

மயில்சாமியிடம் நிறுவ வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நல்லபெருமாளைக் கெஞ்சினேன்.

தரையிலிருந்து:
"விசாரணை முடிஞ்ச விஷயம்மா. ஒப்புக்கிட்ட பிறகு நீங்களே மாத்திப் பேசினா உங்க பேருதான் கெடும். அந்த நிலையம் வேற பிரிவு. நான் எழுதிப் போடறேன்."

எழுதிப் போட்டாரா, யாருக்குத் தெரியும். மேட்டுக்கு நாங்கள் பேச முடியாது என்பதை அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கருவி அறைக்குப் போய்விடுகிறார்.


ஐப்பசி 4, காலை 8:20

மேட்டு நிலையத்திலிருந்து:
"பள்ளத்துக்காரங்களே, வைத்தியம் முடிஞ்சுதுங்களா? உங்க சத்தமே இல்லாம போரடிக்குதுங்க. நம்ம அப்டேட்டு வந்தன்னைக்கே போட்டாச்சு. அண்ணாச்சியாட்ட பொரியத் தின்னுபோட்டுத் தூங்கலைங்க!"

அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். அவர் தூங்கவில்லை என்பதைச் சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

மூன்று நாளாக எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன். உதிரிப்பெட்டியில் கிடந்த உடைந்த ஆன்டெனாவைக் கோத்தேன், பிடிக்கவில்லை. வெளியில் விளக்கடித்துப் பார்த்தேன், நடுவே மலை. என் அதிர்வுமானியைத் தவிர இங்கே எதுவும் அவர்கள் அனுமதி இல்லாமல் வேலை செய்வதில்லை.


ஐப்பசி 6, முற்பகல் 11:05

மேட்டு நிலையத்திலிருந்து:
"இதென்ன கூத்துங்க. சூரியத் தகடு தொடைக்க வெளிய வந்தேன். கதவு தொறக்க மாட்டேங்குது. அட்டைய அடைச்சுட்டேங்குது. ஏதோ எழுதியிருக்குது, வாசிக்கறேன் கேளுங்க. 'இப்பிழை குறித்து ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டுள்ளது. பள்ள நிலையப் பயனரின் ஒப்புதலுக்குப் பின் இதைச் செய்பவருக்கு மன்னிப்பு வாய்ப்பு இல்லை.' அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

அப்படியென்றால் அந்த அப்டேட்டின் தொற்றை அங்கேயும் கண்டு பழியை அவர் மேல் போட்டுவிட்டார்கள், எங்கள் கதவைத் திறந்த வழியையும் அவருக்கு அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் கெஞ்சி, அண்ணாச்சி அமுக்கியதால்.

அவர் முதுகுச் சிலிண்டர் நிறைந்திருப்பதாக அவர் மீட்டர் சொல்லும்.


முற்பகல் 11:30

அண்ணாச்சி உடுப்பு மாட்டிவிட்டார். ஆனால் பிழையை ஒப்புக்கொண்டவருக்கு இது பயிற்சிக் காலமாம், அவர் அட்டைக்கு வண்டி கிளம்பாது. என் அட்டைக்கு, "தொற்றுள்ள நிலையத்திலிருந்து வண்டி வெளியேற நிறுவன ஒப்புதல் தேவை. ஒப்புதல் கோரப்பட்டது. காத்திருக்கவும்."

காத்திருக்கிறோம். பதில் இல்லை. நாங்கள் பேசாமல் இருந்தால் சம்மதம். அவர்கள் பேசாமல் இருந்தால் மறுப்பு.

நல்லபெருமாளிடமிருந்து: "மேல பேசிட்டிருக்காங்கம்மா."

மேலே! இதற்கு மேலே இன்னும் என்ன இருக்கிறது?


பகல் 12:10

வண்டியின் பூட்டுப் பெட்டியை அண்ணாச்சி உடைத்துவிட்டார். ஓடவில்லை. ஓடினாலும் நான்கு மணி நேரப் பாதை. தெரிந்தும் உடைத்துக்கொண்டிருக்கிறார். கையில் ரத்தம்.

மேட்டு நிலையத்திலிருந்து:
"தரையில பேசுனனுங்க. கமிட்டி கூடுதாம். கூடட்டும். கொஞ்சம் தலை சுத்துது. மீட்டருல நெறைய இருக்குது, அதனால பயமில்லைங்க."


பகல் 12:45

"பிலோமினா, காது கேக்குதுங்களா? இல்லீனாலும் சொல்லிப்போடறேன். இது என்ற தப்புதானுங்க. எங்கியோ எதையோ அமுக்கிப்போட்டனாட்ட இருக்குது. ரோசனை பண்ணிப் பண்ணிப் பார்க்கறேன், நெனப்புக்கு வர மாட்டேங்குது. அத்தனை தூரம் நோட்டீசு போட்டும் நானு கவனமா இல்லாமப் போயிட்டேன். அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க. கேலி பண்ணுனதுக்கு மனசுல வெச்சுக்க வேண்டாம்னு."

அண்ணாச்சி ஓடி வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிகிறது, ஒன்றும் வெளியே போகாது. ஆனாலும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அனுப்பப்படாதது:
"ஏல மயிலு, ஒந்தப்பு இல்லல. கேக்கா? நான் பொய்க் கையெழுத்துப் போட்டேம்ல. ஒந்தப்பு இல்ல. கேக்காடே?"


பிற்பகல் 1:20

மேட்டிலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும். நடுவில் ஒரு முறை, "எதை அமுக்குனேன்" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.


பிற்பகல் 1:40

சத்தம் இல்லை.

அண்ணாச்சி மைக்கை விடவில்லை.


2 மணி இருக்கும்

இந்த அதிர்வுமானியை யார் எடுத்தாலும், எந்த ஊர்க்காரரானாலும், காங்கேயத்தில் மயில்சாமியின் வீட்டாரிடம் போய்ச் சொல்லுங்கள். சுற்றறிக்கையைக் காட்டுவார்கள். அவர் குரலையே போட்டுக் காட்டுவார்கள், "என்ற தப்புதானுங்க" என்று. நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். போடச் சொன்னதைப் போட்டார். துடைக்கச் சொன்னதைத் துடைத்தார். அவர்

கட்டுப்பாட்டுத் திரையில் அதிர்வுமானியைப் பற்றி ஏதோ கேள்வி வந்திருக்கிறது. நான் பார்க்கப் போவதில்லை.

மயில்சாமி, நீங்கள் தவறாக எதையும் அமுக்கவில்லை. யோசிக்காதீர்கள். நீங்கள் எதையும்